கேட்டறிந்ததும் கண்டறிந்ததும்

மழலையர் கல்வியில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் இணைக்கும் ‘ஸ்டீம்’ ஆய்வுகளில் இன்று ஆசிரியரே நடுநாயகம். ஆனால் அவரைக் கேட்டு எழுதிய கட்டுரைகளே மிகுதி. வகுப்பில் அமர்ந்து பார்த்து எழுதியவை குறைவு. வினாத்தாளும் நேர்காணலும் ஆசிரியரின் தன்னம்பிக்கையையும் பயிற்சிக் குறைவையும் தெளிவாகவே காட்டுகின்றன. பயிற்சித் திட்டம் வகுப்போருக்கு அது பயன்படும். தன்னம்பிக்கை மிக்கவர் நன்றாகக் கற்பிப்பார் என்பதோ நிறுவ வேண்டிய முடிவு. பல கட்டுரைகள் அதை எடுகோளாக்கிக்கொண்டே தொடங்குகின்றன.

எலிசபெத் போனவிட்ஸ் குழுவினரின் 2011ஆம் ஆண்டுச் சோதனை இவற்றினும் கூர்மையானது. நான்கு வித்தைகள் ஒளிந்த பொம்மையில் ஒன்றை மட்டும் கற்பிக்கும் தோரணையில் காட்டியபோது, மற்றவற்றைக் குழந்தைகள் தேடுவது குறைந்தது. அதுவே தற்செயலாக நேர்ந்ததுபோல் காட்டியபோது தேடல் நீண்டது. ஆசிரியர் ஒதுங்கி நிற்பதே மேல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். கெல்லி ஃபிஷர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வடிவங்களைக் கற்பதில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு நேரடிப் போதனையையும் தன்னிச்சையான விளையாட்டையும் விஞ்சியது. இரண்டும் செறிவான ஆய்வுகள். குறையும் இரண்டுக்கும் ஒன்றே. குழந்தையோடு தனியே அமர்ந்தவர் ஆய்வாளர். இருபது பிள்ளைகளை ஒருசேர மேய்க்கும் ஆசிரியருக்கு அந்த வசதி ஏது?

அந்த இடைவெளியைக் கடந்தவர்கள் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் ஜூலி சாராமாவும். 2008இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு 36 மழலையர் வகுப்புகளில் நடந்தது. பாடத்திட்டங்கள் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டன. கற்பித்தலும் கண்காணிக்கப்பட்டது, குழந்தையின் கற்றலும் அளக்கப்பட்டது. முறையியலில் இதை முன்மாதிரி எனலாம். ஆயினும் அது ஐந்தில் கணிதம் ஒன்றையே தொட்டது.

கலையின் நிலை இன்னும் மெலிவு. பெரும்பாலும் செய்து முடித்த கருவிக்கு வண்ணம் பூசும் வேலையே அதற்கு மிஞ்சுகிறது. லோரிஸ் மலகுஸ்ஸி வளர்த்த இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா மழலையர் பள்ளிகளில் கலைப்பயிற்சி பெற்ற ஆசிரியரும் உண்டு. குழந்தைகளின் பேச்சையும் ஆக்கங்களையும் பதிவுசெய்து, அவற்றைப் படித்து அடுத்த பாடத்தை அமைக்கும் வழக்கமும் உண்டு. அப்பதிவுகளில் ஒப்பீடு இல்லை, பொதுமைப்படுத்துவது கடினம். எனினும் ஆசிரியர் எந்தக் கணத்தில் குறுக்கிட்டார், எப்போது விலகினார் என்பதை அவற்றில் காணலாம். ரெஜ்ஜியோவை மேற்கோள் காட்டும் ஸ்டீம் ஆய்வாளர்கள் அந்தப் பதிவு முறையை அரிதாகவே கைக்கொள்கிறார்கள்.

பொருள்தேர்வில் இத்துறை முதிர்ந்திருக்கிறது, முறையியலில் பின்தங்கியிருக்கிறது. வகுப்பறை அவதானிப்பும் குழந்தையின் கற்றல் அளவீடும் ஒருங்கே இல்லாத கட்டுரையை, ஆசிரியரின் பங்கைப் பற்றிய சான்றாக ஏற்பதற்கில்லை.