ஆரத்திச் சிவப்பு

மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் ஆரத்தி சிவக்கிறது. பழங்காநத்தத்தில் மணமக்களை வாசலில் நிறுத்திச் சுற்றும் அந்தத் தட்டில், கரிம வேதியியலின் மிக அழகான நிறமாற்றம் நடக்கிறது.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அதன் அமைப்பை 1910இல் மிலோபெட்ஸ்கா, கொஸ்தனெக்கி, லாம்பே ஆகியோர் வெளியிட்டனர். இரு முனையிலும் பென்சீன் வளையம். நடுவே ஏழு கார்பன் சங்கிலி. இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதால், அப்பிணைப்புகளின் பை எலக்ட்ரான்கள் எந்த இரண்டு அணுக்களுக்கும் சொந்தமாக நிற்பதில்லை. மூலக்கூறு நெடுகப் பரவுகின்றன. பரவும் நீளம் கூடக் கூட, அவற்றை மேல்நிலைக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் குறைகிறது. தனி பென்சீன் புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும், ஆகவே நிறமில்லை. குர்குமினோ 425 நானோமீட்டரை ஒட்டிய ஊதாநீல ஒளியை உறிஞ்சுகிறது. எஞ்சியது கண்ணுக்கு மஞ்சள்.

சுண்ணாம்பின் காரம், வளையத்து ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்குகிறது. ஆக்சிஜனில் மிஞ்சும் எதிர்மின்சுமை அங்கேயே தங்காமல் சங்கிலிக்குள்ளும் பரவுகிறது. உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர, சிவப்பு பிறக்கிறது. இவ்வளவு சிறிய இழப்புக்கு இவ்வளவு பெரிய நிறமாற்றம் என்பது வியப்புக்குரியதே. எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பும்.

வெள்ளை வேட்டியில் சிந்திய சாம்பார்க் கறை சோப்புப் பட்டதும் சிவப்பது இதே காரணத்தால்தான். அதை வெயிலில் காயப்போட்டால் ஒளி குர்குமினைச் சிதைக்கிறது; எலக்ட்ரான்கள் பரவிய நீண்ட தொடர் அறுந்து, கறை வெளுக்கிறது.