எச்சில், இனிப்பு, நட்பு: சில குறிப்புகள்

1

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். மிட்டாய் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளிடம் பெட்டிக்கடைக்காரர், ஊர்க் கட்டுப்பாடு வந்திருக்கு, இனிமே உங்களுக்குத் தின்பண்டம் தர மாட்டோம், வீட்டுல போய்ச் சொல்லுங்க என்கிற விதமாகப் பேசித் திருப்பி அனுப்பினார். பேச்சு செல்பேசியில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, கடைக்குச் சீல் என்று அரசு தன் வேலையைச் செய்தது. கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பெயர் குறித்தே பேசுகிறது. 1955இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் அறுபத்தேழு வருஷம் கழித்து ஒரு மிட்டாயில் வந்து நிற்கிறோம்.

ஏன் மிட்டாய்? மிட்டாயைப் பசிக்கு யாரும் வாங்குவதில்லை. ஆசைக்கு வாங்குகிறோம், கூட இருக்கிற பயலுக்குப் பாதி கொடுக்க வாங்குகிறோம். கூலி வேலைக்காரனுக்குச் சோறு வேண்டும் என்பதைச் சாதி ஆண்டைகூட ஒப்புக்கொள்வான். சோறு தின்றால்தானே வயலில் இறங்குவான். ஆசைப்படுவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே இனிப்பைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயம் பேசுவதாகாது.

நண்பர்களோடு கபேயில் உட்கார்ந்து கேக்கும் ஐஸ்கிரீமும் தின்பது பற்றி ஒரு விமர்சனக் கட்டுரையா என்று முகம் சுளிக்கிற தோழர்களுக்கு இதையே முன்னுரையாக வைக்கிறேன். நம் வட்டாரத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "நுகர்வுக் கலாச்சாரம்". சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இன்னொன்று, "நம்ம கருப்பட்டி மிட்டாய் இருக்க இதெல்லாம் எதுக்கு?" என்கிற மரபு ஏக்கம். முதல் பதில் விலையைப் பார்க்கிறது, இரண்டாவது பண்டத்தைப் பார்க்கிறது. யாரோடு யார் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்கிறார்கள் என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை.

2

ஒரே தட்டு என்றதும் எச்சில் வந்துவிடுகிறது. சாதியைப் பற்றி நாம் எழுதிக் குவித்ததில் ரத்தம் உண்டு, தொழில் உண்டு, நிலம் உண்டு. எச்சிலைத் தனியாக எடுத்துப் பேசியது குறைவு.

தமிழ்ச் சமூகத்தில் எச்சிலுக்கு ஒரு திசை உண்டு. அது மேலிருந்து கீழே போகும். குருவின் எச்சில் சீடனுக்குப் பிரசாதம். புருஷன் சாப்பிட்ட இலையிலேயே பெண்டாட்டி சாப்பிடுவதைப் பதிபக்தி என்றார்கள். சாமிக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலில் முதல் உருண்டை யாருக்கு என்பதில் ஊர் இரண்டுபட்டிருக்கிறது. கரூர் அருகே நெரூரில் விருந்துண்டவர்களின் எச்சில் இலைமேல் உருளும் நேர்த்திக்கடனை 2015இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2024இல் ஒரு தனி நீதிபதி அதை மத உரிமை என்று அனுமதித்தார். 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. பத்து வருஷமாக நீதிமன்றம் ஏறி இறங்குகிற அளவுக்கு எச்சில் இங்கே கனமான பொருள்.

கீழிருந்து மேலே போன எச்சிலும் கதைகளில் இருக்கிறது. கண்ணப்பன் மென்று ருசி பார்த்த இறைச்சியைச் சிவனுக்குக் கொடுத்தான். சபரி கடித்துப் பார்த்த பழத்தை ராமன் தின்றான். ஆனால் அதற்கு ஒரு கடவுள் தேவைப்படுகிறார். ஏற்பவர் கடவுள் என்பதால் அது அதிசயம், அதிசயம் என்பதால் அது விதியாவதில்லை. கண்ணப்பனைக் கும்பிடுகிற ஊரில் வேடனின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வந்துவிடவில்லை.

பக்கவாட்டில், சமமாக, எச்சில் பாய்கிற ஓர் இடம் உண்டா? குழந்தைகளிடம் உண்டு. அதற்குப் பெயர் காக்காய்க்கடி. இருப்பது ஒரு மிட்டாய், ஆள் இரண்டு. சட்டை நுனியிலோ பாவாடை நுனியிலோ மிட்டாயைச் சுற்றி, துணியோடு பல்லால் கடித்து உடைத்து, பாதியை நண்பனுக்குக் கொடுப்பது. இதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. பகிர்ந்தே தீர வேண்டும் என்கிற நட்பின் சட்டம் ஒன்று. எச்சில் படக் கூடாது என்கிற பெரியவர்களின் சட்டம் ஒன்று. ஆறு வயசுப் பிள்ளை இரண்டு சட்டத்துக்கும் நடுவே ஒரு முழத் துணியை வைத்துச் சமரசம் பண்ணுகிறது. அந்தத் துணி என்றைக்கு நழுவும், யாருக்கும் யாருக்கும் இடையில் நழுவும் என்பதே நம் கேள்வி. ஒரு குவளை ஐஸ்கிரீமில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு நண்பர்களிடம் அந்தத் துணி இல்லை. சாதி பார்த்தால் அது சின்ன விஷயமில்லை.

3

காசு கொடுத்து உட்கார்ந்து தின்கிற இடங்களின் வரலாறு இங்கே அப்பாவித்தனமானதல்ல. காபி கிளப் என்று ஆரம்பித்த காலத்திலேயே அது சாதியோடுதான் ஆரம்பித்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி தன் "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" கட்டுரையில் காபி எப்படி பிராமண, நடுத்தர வர்க்க அடையாளமாயிற்று, தேநீர் எப்படி உழைப்பாளியின் பானமாக எதிரே வைக்கப்பட்டது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனிப் பகுதி இருந்து, நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் ஒழிந்தது. அதற்கும் முன்பே சேரன்மாதேவி குருகுலத்தில் தேசபக்தி ஒன்றாகவும் பந்தி வேறாகவும் இருந்தது, 1920களின் நடுவில் பெரிய சண்டையானது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள், மாதக்கணக்கில். கடைசியில் சொல் போயிற்று. 2012இல் திருவரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் அதே சொல் திரும்ப எட்டிப் பார்க்க, திரும்பப் போராட்டம்.

"ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் சிறைக்குப் போனார்கள்?" என்று அன்றைக்கும் கேட்டார்கள். சொல்லுக்காகத்தான். உள்ளே ரவா கேசரியும் காபியும் யாருக்கும் கிடைக்கும், காசு கொடுத்தால் போதும். ஆனால் பலகை, "நீ தின்னலாம், ஆனா இது யார் கைப்பக்குவம், யார் சுத்தம்னு தெரிஞ்சிக்கிட்டுத் தின்னு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேசரியோடு அதையும் விழுங்க வேண்டும்.

கிராமத்துத் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை. சட்டம் நெருக்கியதும் பல ஊர்களில் பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் நல்லதுதான். சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அது தூக்கியெறியக் கூடிய தீண்டாமை. கழுவ வேண்டியதில்லை, சாட்சியும் மிஞ்சாது.

4

ஐரோப்பியக் காபிக் கடைகளைப் பற்றி ஹேபர்மாஸ் 1962இல் எழுதியதை நம்மில் பலர் மேற்கோள் காட்டியிருக்கிறோம். லண்டன் காபிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து, பட்டத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு, பத்திரிகை படித்து விவாதித்தார்கள், பொதுக்களம் பிறந்தது என்பது அதன் சாரம். பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் அதில் என்ன இடம் என்று பெண்ணியர்கள் கேட்டுவிட்டார்கள். நான் கேட்பது அந்த மேஜைமேல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தைப் பற்றி. அது பார்படோஸிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வந்தது. ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு. சுதந்திரம் பற்றிய விவாதம் இனித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய "இனிப்பும் அதிகாரமும்" இந்தச் சர்க்கரையின் கதை. பணக்காரன் வீட்டு ஆடம்பரமாக இருந்த சர்க்கரை ஆங்கிலேயத் தொழிலாளியின் தேநீரில் மலிவான கலோரியாகக் கரைந்ததைச் சொல்கிறது.

இந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். 1830களில் பிரிட்டிஷ் அடிமை முறை முடிந்ததும் அந்த இடத்தில் ஒப்பந்தக் கூலிகளை நிறுத்தினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் நேட்டால் கரையில் இறக்கியது கரும்புத் தோட்டத்துக்கான ஆட்களை. மொரீஷியஸுக்கும் பிஜிக்கும் போனவர்கள் தனி. பிஜிக் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்டதைப் பாரதி பாட்டாக்கினார். சர்க்கரைக்கு நாம் வைத்த பெயர்களே ஊர்ப்பெயர்கள். தென் மாவட்டத்தில் சீனி, அதில் சீனா இருக்கிறது. பழைய ஆட்கள் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவில், இன்றைய ஒடிசாவில், ஆலை இருந்த ஊர் அஸ்கா. நாக்கில் கரைந்த பிறகு மிஞ்சுகிற பெயர்களில் கூலிக்காரனின் பெயர் மட்டும் இல்லை.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் பலர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்று 2019இல் செய்தி வெளிவந்து மாநில அரசே விசாரணைக் குழு போட்டது. முன்பணம் வாங்கிப் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வெட்டப் போவார்கள். ஒரு நாள் நின்றாலும் அபராதம். மாதவிலக்கு அந்தக் கணக்கில் ஒரு நஷ்டம். தமிழ்நாட்டிலும் முன்பணத்தில் கட்டுண்டு கரும்பு வெட்டிய இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. சாக்லேட் கேக் என்றால் கூடவே ஐவரி கோஸ்டும் கானாவும், அங்கே கோகோ தோட்டத்தில் கத்தி பிடிக்கிற சிறுவர்களும்.

அப்படியானால் தின்னாதே என்கிறேனா? இல்லை. தின்னாமை நம் ஊரில் ஏற்கெனவே விரதம் என்ற பெயரில் மேல்சாதிப் பெருமை. துறவை முற்போக்காக மாற்றி விற்க எனக்கு விருப்பமில்லை. கரும்பு வெட்டுகிறவளும் கேக் தின்ன வேண்டும் என்பதுதான் கோரிக்கையாக இருக்க முடியும்.

5

இன்றைய கபேக்கு வருவோம். சிற்றூர் பேக்கரியில் நின்றபடி டீயும் தேன் கேக்கும், கொஞ்சம் பெரிய ஊரில் நாற்காலி போட்ட ஐஸ்கிரீம் கடை, நகரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கபே. விலை ஏற ஏற உட்காரும் நேரம் நீளும். இங்கே வாயிற்காவலன் விலைதான், மறுப்பதற்கில்லை. பெயர்ப்பலகையில் சாதி எழுத வேண்டியதில்லை, விலைப்பட்டியலே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆனால் இலவசப் பொதுவெளி யாருக்கு இலவசம்? 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோவிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ஆயுள் தண்டனைகள் வந்தன, 2023இல் உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. கோவிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே சாதிக்குக் கண் உண்டு. பூங்கா, பேருந்து நிலையம், ஆற்றங்கரை எல்லாம் ஊரின் கண் மேய்கிற இடம். "நீ யாரு, அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு?" நூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு பிரவுனியை முன்னால் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் இந்தக் கேள்வி வராது என்பதுதான் பலருக்குக் கபே. அவர்கள் வாங்குவது இனிப்பை மட்டுமல்ல, பார்க்கப்படாமல் இருக்கிற ஒரு மணி நேரத்தையும். இதை "நுகர்வு வெறி" என்று ஒரு சொல்லில் மூடுகிறவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

அதுகூட உத்தரவாதமில்லை. 2014 அக்டோபரில் கோழிக்கோட்டில் ஆணும் பெண்ணும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள் என்று தொலைக்காட்சி காட்ட, ஒரு கபேயை அடித்து நொறுக்கினார்கள் பாரதிய ஜனதாவின் இளைஞர் அணியினர். எதிர்வினையாக நவம்பர் 2 அன்று கொச்சியில் முத்தப் போராட்டம். எச்சில் அங்கே நேரடியாகவே அரசியல் மேடை ஏறியது. கேரளத்து இடதுசாரிகளிலேயே சிலர் நெளிந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று அதிகம். வீட்டில் இனிப்பு என்றால் பெண் பார்க்கும் சொஜ்ஜி: அவள் கிண்டி, அவளே தூக்கிக்கொண்டு வந்து, வந்தவர்கள் தின்றுகொண்டே அவளைப் பார்ப்பார்கள். விசேஷத்தில் கடைசிப் பந்தி, அடிப்பாத்திரத்துப் பாயசம். பழைய ஓட்டல்களிலோ "குடும்ப அறை" என்று ஒரு தடுப்பு. குடும்பம் இல்லாமல் பெண் சாப்பிட வர மாட்டாள் என்பது அதன் இலக்கணம். நான்கு பெண்கள் தாங்களாகச் சேர்ந்து, யாரோ கிண்டியதை, யாரோ கொண்டுவந்து வைக்க, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு தின்கிறார்கள் என்றால் அந்தக் காட்சியில் தலைகீழாகியிருப்பது நிறைய. கொண்டுவந்து வைக்கிறவர் யார், மேஜை துடைக்கிறவர் யார், அவருக்கு எத்தனை மணி நேர வேலை என்று கேட்கிற கடமையும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே இருக்கிறது. காபி போர்டு வேலையை விட்டு நீக்கிய தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் துணையோடு 1957இல் கூட்டுறவு அமைத்து இந்தியன் காபி ஹவுஸைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். பரிமாறுகிறவரே உரிமையாளராகவும் இருக்கலாம் என்பதற்கு நம்மிடம் ஓர் உதாரணமாவது இருக்கிறது. "பிராமணாள்" பலகைக்கு எதிரான மறியலும் அதே வருஷம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நாம் பழகவில்லை.

6

கடைசியாக நம்மைப் பற்றி. சமபந்தி போஜனம் இன்று அரசு விழா. சுதந்திர தினத்தன்று கோவிலில் வடை பாயசத்தோடு அமைச்சர் உட்கார்ந்து சாப்பிடுவார், படம் வரும். தலைவர்கள் சேரிக்குப் போய்ச் சாப்பிடுவதும் படமாகிறது. இவை ஒருநாள் அதிசயங்கள், கண்ணப்பன் கதையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2023இல் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தபோது அதிகாரிகளும் கனிமொழியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. தேவையான காரியம். ஆனால் அமைச்சரும் கலெக்டரும் போன பிறகு, மறுநாள் காலை, யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நட்பு மறுநாளும் வரும். அதற்கு மேடை வேண்டாம், படம் வேண்டாம். ஆனால் நம் நட்புகளின் கணக்கை எடுத்துப் பாருங்கள். கூட்டத்தில் தோழர், சுவரொட்டியில் தோழர். கூட்டம் முடிந்து டீக்கும் பன்னுக்கும் ஒதுங்குகிறபோது யார் யாரோடு ஒதுங்குகிறார்கள்? பெண் தோழர்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள்? பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது வீட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர், வாசலில் துண்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? கோட்பாட்டில் நாம் எல்லாவற்றையும் கட்டுடைத்துவிட்டோம். காக்காய்க்கடித் துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிப்பை நண்பரோடு தின்பது புரட்சி என்று சொல்ல வரவில்லை. அடுத்த தெருவிலிருந்து, அடுத்த சாதியிலிருந்து ஒருவரோடு ஒரு தட்டில் கரண்டி போட முடியாத ஊரில் வேறு எதைச் சேர்ந்து செய்யப் போகிறோம் என்று கேட்கிறேன். தமிழ்நாட்டுப் பேக்கரிகள், கபேக்கள், காபி கிளப்புகளின் வரலாற்றைச் சாதி, பால், உழைப்பு என்ற மூன்று கோணத்திலும் ஊர் ஊராக யாராவது எழுத வேண்டும். சரக்கு மாஸ்டர்களிடமும் மேஜை துடைத்தவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும். அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள்.