இப்சன் வீட்டுப் பிள்ளைகள்

யோன் ஃபோசேவுக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து, குடும்பத்தின் உண்மையை மேடையேற்றியவர்கள் நார்வேக்காரர்களே என்ற பேச்சு மறுபடி சூடு பிடித்திருக்கிறது. இப்சனில் தொடங்கிய மரபாம். கடன், கையெழுத்து மோசடி, ஊர்வாய்க்கு அஞ்சும் கௌரவம் என்று திருமணத்தின் கணக்குவழக்கை இப்சனைப் போல் எழுதியவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பதியின் உண்மை குடும்பத்தின் உண்மை ஆகிவிடுமா? அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருந்தார்கள். (ஃபோசேயின் 'பெயர்' நாடகத்தில் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை, அது வேறு கதை.)

'பொம்மை வீடு' (1879) நாடகத்தில் நோராவுக்கு மூன்று பிள்ளைகள். முதல் அங்கத்தில் அவளோடு கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். அந்த விளையாட்டில் அவர்கள் பேசுவதைக்கூட இப்சன் எழுதவில்லை. நோராவின் பதில்களிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது உள்ளே தூங்குகிறார்கள். நோரா போனது சரியா தவறா என்பது சலித்துப்போன பட்டிமன்றம். அதற்குள் நான் போகவில்லை. விடிந்ததும் அந்தப் பிள்ளைகள் யாரைத் தேடுவார்கள் என்பதில் நாடகாசிரியருக்கே அக்கறை இல்லையே! 1880இல் ஜெர்மன் நடிகை ஒருவர் இந்த முடிவில் நடிக்க மறுத்தார். வேறு யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று இப்சனே மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே திட்டவும் செய்தார். அதிலும் பிள்ளைகள் கண் விழிப்பதில்லை. படுக்கையறை வாசலில் தாயைச் சரியவைக்கும் அளவுக்குத்தான் தேவைப்படுகிறார்கள்.

'காட்டு வாத்து' (1884) ஹெட்விக்கைக் காட்டி மறுப்பார்கள். உண்மைதான், அவள் உயிருள்ள பாத்திரம். அப்பா என்று நம்பியவனின் அன்பை மீட்க 14 வயதில் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். இந்தச் சாவும் சீக்கிரமே அவன் வாய்ப்பந்தலுக்குச் சரக்காகிவிடும் என்கிறார் மருத்துவர் ரெல்லிங். ஆக, இப்சனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பத்தாண்டு கழித்து 'சின்ன எயோல்ஃப்' எழுதுகிறார். ஊன்றுகோலோடு நடக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் முதல் அங்கத்தின் முடிவிலேயே நீரில் மூழ்கிவிட, மிச்ச இரண்டு அங்கங்களும் பெற்றோரின் குற்றவுணர்வுக்கே. கரையோர ஏழைச் சிறுவர்களைக் கூட்டிவந்து எயோல்ஃபின் அறையில் தங்கவைத்து, அவன் நாற்காலியில் மாற்றி மாற்றி உட்காரவைக்கப் போவதாகத் தாய் ரீட்டா சொல்வதை மனமாற்றம் என்று புகழ்கிறார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை.