கமகம் தாங்குமா இந்த வயர்?

யாழ்ப்பாணத்தின் இணுவில் பக்கத்து வீடொன்றின் முன் அறையைக் கற்பனை செய்யலாம். சன்னலில் தடித்த திரை, மேசையில் மடிக்கணினி, அருகே கோயில் திருவிழா மேடைகளில் உழைத்துக் களைத்த ரோலண்ட் எக்ஸ்பி-30 கீபோர்ட். 1999இல் சந்தைக்கு வந்த வாத்தியம். நாதத்தில் இன்றும் குறை இல்லை. ஆனால் யூஎஸ்பி துளை கிடையாது. பின்புறம் இருப்பது ஐந்து ஊசி நுழையும் வட்டத் துளைகள்தான். கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவே துபாஷி வேலை பார்க்க, சுரங்களைச் செய்திகளாகக் கடத்தும் ஒரு மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கி மிஞ்சிய சில்லறையில் கடைசியாக வாங்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

கடையில் இன்டர்ஃபேஸ் என்று தொங்கும் பெயரில்லாத மலிவு மிடி-யூஎஸ்பி வயரும் முதல் பத்து நிமிடம் நன்றாகவே வேலை செய்யும். ச-ரி-க-ம வாசித்தால் திரையில் சுரங்கள் வரிசையாக விழும். சிக்கல் தோடியைத் தொட்டதும் தொடங்குகிறது.

காரணம் எளிது. மிடி வயரில் விநாடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு சுரத்தை அழுத்தினால் போகும் செய்தி 3 பைட். ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. பத்து விரலையும் ஒன்றாக வைத்தாலும் பத்து மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே அந்தத் தாமதம் வந்துவிடும் என்பதால் வேகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கமகம் வேறு கதை. பிட்ச் சக்கரத்தை (எக்ஸ்பி-30இல் அது நெம்புகோல்) அசைத்துத் தோடியின் காந்தாரத்தை ஆட்டும்போது, 16,384 படிகள் கொண்ட அளவுகோலில் சக்கரம் நகர்கிற இடமெல்லாம் ஒவ்வொரு செய்தியாகப் பொழியும். நாலு கோர்டு பிடிக்கிற மேற்கத்திய வாசிப்பில் அகப்படாத வயர் இங்கே அகப்பட்டுக்கொள்ளும். இடையில் ஒரு செய்தி தவறினால் காதுக்குத் தெரியாது. சக்கரம் நடுவுக்குத் திரும்பியதைச் சொல்லும் கடைசிச் செய்தி தவறினால் அடுத்து வரும் சுரமெல்லாம் சுருதி விலகியே ஒலிக்கும். பழி வாசித்தவர் தலையில் விழும்.

ஆகவே வாங்குமுன் கீபோர்டையே கடைக்குத் தூக்கிப் போவது நல்லது. விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சக்கரத்தை ஒரு நிமிடம் விடாமல் ஆட்டி, கையை எடுத்ததும் கடைசி எண் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கீபோர்டில் சேமித்த ஒலிகளை மொத்தமாகக் கணினிக்கு அனுப்பும் சிஸ்எக்ஸ் சோதனை. விநாடிக்கு 3,125 பைட் என்பதால் 64 கிலோபைட் வந்துசேர 21 விநாடி ஆகும். மலிவு வயர்களின் நினைவகம் சிறியது; பாதியில் மூச்சு வாங்கிவிடும். இரண்டு முறை அனுப்பி, இரு கோப்புகளின் அளவும் ஒன்றா என்று பார்க்கலாம்.

சிக்கனத்தில் முதலில் பலியாகும் இன்னொரு உறுப்பு ஆப்டோ-ஐசொலேட்டர். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் புரொஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரு சின்தசைசர்களையும் இணைத்துக் காட்டிய நாளிலிருந்து மிடியின் அடிப்படை விதி இது: உள்வரும் பக்கத்தில் மின்சாரம் நேரே தொடாமல், தகவல் ஒளியாக மாறித் தாண்ட வேண்டும். எர்த் சரியாக இல்லாத பழைய வீடுகளில், மடிக்கணினி சார்ஜரின் இரைச்சல் மிடி வயர் வழியே வாத்தியத்துக்குப் பரவாமல் காப்பது அதுதான். (ஆடியோ வயர் வழியே வரும் இரைச்சலுக்கு அது பொறுப்பல்ல.)

ரோலண்டின் யூஎம்-ஒன் எம்கே2 இன்டர்ஃபேஸ் இந்தச் சோதனைகளுக்கு நம்பி உட்படுத்தக்கூடியது. வயர் உடலோடு சேர்ந்தே வருகிறது, தகவல் ஓடுவதைக் காட்ட விளக்குகள் உண்டு. ஒரு சின்னச் சுவிட்ச்தான் பலரைச் சுற்றவிடும்: ஐபேடுக்கு ‘டேப்’ பக்கம், ரோலண்டின் டிரைவர் நிறுவிய கணினிக்கு ‘காம்ப்’ பக்கம். மாறி இருந்தால் கருவி செத்ததுபோல் கிடக்கக்கூடும்.

பாட்டும் பதிவுசெய்யப் போகிறவர் தனி மிடி இன்டர்ஃபேஸ் வாங்குவது வீண்செலவு. பெரிஞ்சரின் யூஎம்சி204எச்டி, ப்ரீசோனஸின் ஆடியோபாக்ஸ் யூஎஸ்பி 96 ஆகிய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் இரண்டிலும் மிடி துளை சேர்ந்தே வருகிறது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ஸ்கார்லெட் 2ஐ2வில் அது இல்லை, யூஎம்சி202எச்டியிலும் இல்லை.

மின்வெட்டு பற்றியும் ஒரு சொல். போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊருக்கு, 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் அறிவித்த 13 மணி நேர வெட்டும் புதிதல்ல. கரண்ட் போனால் கீபோர்ட் அணையும். பேட்டரியில் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும். விரல் எடுத்த செய்தி வராததால் கடைசிச் சுரம் ஊளையிட்டபடி நிற்கும். இதற்கு இன்டர்ஃபேஸைத் திட்டக் கூடாது. ‘உயிரோடிருக்கிறேன்’ என்று கீபோர்ட் 300 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்க மிடியில் ஏற்பாடு உண்டு. பல மென்பொருள்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எல்லாச் சுரத்தையும் நிறுத்தும், பதிவு மென்பொருளின் ‘பானிக்’ பொத்தான் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துவைத்தால் சரி.

வீட்டுக்கு வந்ததும் ஒலி வரவில்லையா? ‘இன்’ என்று எழுதிய முனை கீபோர்டின் ‘அவுட்’ துளைக்குப் போக வேண்டும். சில மலிவு வயர்களில் எழுத்தே தலைகீழ். மாற்றிச் செருகிப் பார்க்கலாம், எதுவும் எரியாது.