கரைப்பனையும் வளவுப்பனையும்

சீவல் முறைகளைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. நயினாதீவில் தங்கள் தளநார் படாத பனையில்லை என்று சொல்லத்தக்க மூத்தோர் சங்கத்தில் இருக்க, நான் எழுதுவது துணிச்சல்தான். பாளை கட்டுவதும் தட்டுவதும் இம்மலரைக் கையில் எடுப்போருக்குத் தெரிந்தவை. கலப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருமரக் கள்ளே கள்ளு என்ற கட்சி நம்மிடையே என்றும் உண்டு. மதிக்கவேண்டிய கட்சி. எங்கள் வழி வேறு. என்னை மரத்தில் ஏற்றிய பெரியையா, ஒருமரக் கள்ளை மருந்துக்குக் கேட்டு வருபவருக்கு மட்டும் எடுத்து வைப்பார். மற்றதெல்லாம் கலப்புத்தான். கடற்காற்றில் நிற்கும் கரைப்பனையின் முட்டி இரவெல்லாம் குளிர்ந்திருக்கும். நுரை பிந்தும், இனிப்பு நிற்கும். வேலியும் வீடும் காற்றை மறைக்கும் வளவுப்பனையில் புளிப்பு முந்திவிடும். இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்று அவர் வாய்திறந்து சொன்னதில்லை. பிளாவில் இரண்டிலும் கொஞ்சம் வார்த்து, உறிஞ்சி, நாக்கோரம் சற்று வைத்திருந்து துப்பிவிட்டு, "வளவில இன்னும் கொஞ்சம் விடு" என்பார். தை மாசி வாடைக்குக் கரைப்பங்கைக் குறைப்பார். சித்திரை வெயிலுக்குக் கூட்டுவார்.

அவுஸ்திரேலியாவிலுள்ள நம்மவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். அங்கே பரோசாப் பள்ளத்தாக்கின் வெக்கையில் விளைந்த திராட்சையையும், பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கின் குளிர்ந்த மேட்டில் விளைந்ததையும் சேர்த்து வெள்ளை வைன் செய்வதுண்டு. அங்கே குளிர் புளிப்பைக் காக்கிறது; இங்கே இனிப்பைக் காக்கிறது. மற்றப்படி பெரியையாவின் கணக்குத்தான்.

எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்ததால் சீவல் தொழிலாளிக்குக் கிடைத்த நன்மையை இங்கு விரிக்கத் தேவையில்லை. போத்தலில் அடைக்கும் கள்ளுக்குப் பல மரத்துக் கள்ளு சேரத்தான் வேண்டும். அதில் குறையில்லை.

குறை வேறிடத்தில். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. நன்றாகச் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நேற்றைய மிச்சத்தை இன்றையதில் ஊற்றுவதும், புளிப்பை மறைக்கச் சீனி போடுவதும் கலப்பாகுமா? முட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கப் பொறுமையில்லாமல் பிளாஸ்ரிக் கானில் ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். கான் வந்தது, அவசரம் வந்தது. அவசரக்காரனிடம் எந்தப் பிள்ளை தொழில் பழகும்? பழக ஆளில்லாமல் பனை கவனிப்பாரற்று நிற்கிறது, பிறகு தறிபடுகிறது, வளவு வெளிக்கிறது, வளவை விட்டுச் சனமும் போகிறது. தீவுப்பகுதி வெறிச்சோடியதற்குக் கான்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. போரும் கடலும் வறுமையும் செய்தவற்றை அறிவேன். ஆயினும் கானையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் முட்டி கழுவுவது பற்றி ஒரு பிரேரணை கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய விரும்பும் உறுப்பினர்கள் முன்கூட்டியே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.