திருடன் ஓட்டிய எஸ்2000

ஆஸ்டினில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய 2003 ஹோண்டா எஸ்2000 காரை விற்கப் போகிறார். ஊருக்குக் கிளம்பும்போது, "ஓட்டிப் பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாம்" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில வாரங்களாக அது என்னிடம்தான் இருக்கிறது. விலை, இதே வயதுக் கார்களுக்குக் கேட்பதைவிட வெகுவாகக் குறைவு. இந்தக் கார் ஒருமுறை திருடு போனதுதான் காரணம். திரும்பக் கிடைத்தபோது இருக்கைகள், ஹார்டு டாப், சக்கரங்கள், ஸ்டீயரிங்கில் இருந்த ஏர்பேக் எதுவுமே இல்லை. அதற்குள் காப்பீட்டுப் பணம் பழைய உரிமையாளர் கைக்குப் போயிருந்தது. மிச்சக் கூட்டை ஏலத்தில் எடுத்து, பாகம் பாகமாகத் தேடிப் பூட்டியவர் என் நண்பர். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் இப்போது 'ரீபில்ட் சால்வேஜ்' என்ற முத்திரை இருக்கிறது; கழித்துக் கட்டிய காரை மீண்டும் சரிசெய்தது என்று பொருள்.

2.0 லிட்டர், 240 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் எல்லாம் கார்ப் பிரியர்களுக்கு மனப்பாடம். டெக்சஸ் மலைநாட்டில் மெடினாவிலிருந்து வான்டர்பூல் வழியாக லீக்கி போகும் 337ஆம் எண் சாலையில் இதை ஓட்டியபோதுதான் அந்த எண்களின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. 6,000 வரை இது ஒரு சாதாரண ஹோண்டா. அதைத் தாண்டியதும் கேம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது, காருக்கே வேறு குணம் வந்துவிடுகிறது. கியரை மாற்ற மணிக்கட்டை அசைத்தாலே போதும். இதைவிட நல்ல கியர் லீவரை நான் தொட்டதில்லை. ஸ்டீயரிங் துல்லியமானது, ஆனால் சாலையைப் பற்றி அதிகம் சொல்லாது. ரேடியோவை மறைக்க ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அற்புதமான எஞ்சினைச் செய்த நிறுவனம் அந்த மூடியில் ஏன் உழைப்பைச் செலவிட்டது என்று ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

கார் பிடித்துவிட்டது. வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

டைட்டில் முத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும், முத்திரை இல்லை என்று நிம்மதி அடைகிறவர்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்து முடித்த பிறகு கார் கிடைத்தால், ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் சில மாநிலங்களில் முத்திரை விழலாம். முழுக் காப்பீடு இல்லாத ஒருவரின் கார் எலும்புக்கூடாகக் கிடைத்து, அவரே அதைச் சரிசெய்துகொண்டால் டைட்டில் சுத்தமாகவே இருக்கக்கூடும். அதனால் தாளை வைத்துவிட்டுக் காரைப் படிக்க வேண்டும்.

எஸ்2000இல் அது சாத்தியம். திருட்டுக்கு அதிகம் இலக்காகும் மாடல்களின் முக்கியப் பாகங்களில் காரின் அடையாள எண்ணான வின் எண்ணைப் பதிக்க வேண்டும் என்பது 1984இல் வந்த அமெரிக்கச் சட்டம். பானட், மட்கார்டுகள், கதவுகள், டிக்கி மூடி, பம்பர்கள் என ஒவ்வொன்றிலும் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். உரித்தால் அது கிழியும், உரித்த தடமும் நிற்கும். புதிதாக வாங்கிப் பூட்டிய பாகத்தில் வின் எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். டார்ச்சோடு நானும் பார்த்தேன். பயணி பக்கக் கதவைத் தவிர எல்லாம் பொருந்தின. அந்தக் கதவில் வேறொரு காரின் எண் இருந்தது. என்ஐசிபி என்ற காப்பீட்டுத் துறை அமைப்பின் இலவசத் தேடலில் அதைப் போட்டேன். திருட்டுப் பதிவு இல்லை, சால்வேஜ் பதிவு இருந்தது. விபத்துக்குள்ளான காரிலிருந்து முறையாக வாங்கிய கதவாக இருக்க வேண்டும். அதுவே திருட்டுக் காரின் எண்ணாக இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

என்னை உலுக்கியது கதவல்ல, ஏர்பேக். தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில், பையை ஊதும் பாகமான இன்ஃபிளேட்டர்கள் அமெரிக்காவில் சுமார் 6.7 கோடி திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பட்டியலில் எஸ்2000உம் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும். பிறகு சிறிய மோதலில்கூட உலோகக் கூடு வெடித்து, துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாயலாம். டெக்சஸ் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரின் வின் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், நிலுவையில் எதுவும் இல்லை என்று வருகிறது. திருட்டுக்கு முன்பே பழைய உரிமையாளர் ஏர்பேக்கை மாற்றிவிட்டார். அப்படி மாற்றிய ஏர்பேக்கைத்தானே திருடன் கழற்றிக்கொண்டு போனான்! இப்போது ஸ்டீயரிங்கில் இருப்பது பழைய பாகக் கடையில் வாங்கியது. என் மெக்கானிக் பேட்டரியைத் துண்டித்து அதைக் கழற்றி, லேபிளில் இருந்த எண்ணை டீலரிடம் கொடுத்தார். இந்த வின் எண்ணுக்கு நாங்கள் பொருத்தியது இதுவல்ல என்று பதில் வந்தது. என் நண்பர் எதையும் மறைக்கவில்லை. இணையதளம் பச்சைக்கொடி காட்டிவிட்டதால், அவருக்கு இது தோன்றவே இல்லை. அந்தத் தேடல் வின் எண்ணைத்தான் அறியும், ஸ்டீயரிங்குக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியாது. ஏர்பேக் திருடப்பட்ட எந்தக் காரை வாங்குகிறவரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். விற்பனை விளம்பரங்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது எஞ்சின். தன்னுடையது இல்லாத காரை ஒருவன் எப்படி ஓட்டியிருப்பான்? மூன்றாம் கியரில் விரட்டி, நான்குக்குப் போக வேண்டிய லீவர் இரண்டில் விழுந்தால் 9,000 என்ற எல்லைக்கு அர்த்தமே இல்லை. எரிபொருளை நிறுத்தும் கட்டுப்பாடு அங்கே உதவாது, சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். 2003 வரை வந்த எஞ்சின்களில், வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் ரீடெய்னர்கள் அப்போது விரிசல் விடக்கூடும். விரிசல் விட்டும் பல மாதம் ஓடி, பிறகு ஒருநாள் வால்வு உள்ளே விழலாம். வால்வு கவரைத் திறந்து பார்த்தோம், சிலிண்டர்களில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்தோம். ரீடெய்னர்கள் முழுசாக இருக்கின்றன, நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவில் நிற்கின்றன. குளிரில் கிளப்பினால் டைமிங் செயின் டென்ஷனர் சலசலக்கிறது. திருடு போகாத எஸ்2000களுக்கும் அந்த வியாதி உண்டு.

ஆகவே வாங்குகிறேன், நிபந்தனைகளோடு. கைமாறும் முன் ஓட்டுநர் ஏர்பேக் டீலரிடம் புதிதாக மாற்றப்பட வேண்டும், அதற்கான ரசீது என் கையில் இருக்க வேண்டும். திருடனிடம் சாவி இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. எனவே பழைய சாவிகளை இம்மொபிலைசர் நினைவிலிருந்து அழித்துவிட்டு இரண்டு புதுச் சாவிகளைப் பதிய வேண்டும். முத்திரை விழுந்த டைட்டிலுக்கு எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. என்னுடையது தருமா என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். விலையாக, சுத்தமான டைட்டில் உள்ள காருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு தருவேன். நாளைக்கு நான் விற்கும்போதும் இதே தள்ளுபடியை வாங்குகிறவர் கேட்பார். நண்பர் அடுத்த வாரம் ஊரிலிருந்து திரும்புகிறார். ஏர்பேக்குக்கு யார் பணம் கட்டுவது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.