'வியூ'வுக்குப் பின் என்ன?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலம் தெரிகிறது. இதை இங்கிலீஷில் ஒரு வரி எழுதச் சொன்னால் நம்மில் பலருக்குப் பேனா நின்றுவிடும். 'வியூ' என்று எழுதியாச்சு. அடுத்து? 'ஆஃப் சேலம்' என்றால் பார்க்கப்படுவது சேலம். 'ஃப்ரம் சேலம்' என்றால் ஆசாமி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஊருக்குள் நின்று மலையை அண்ணாந்து பார்க்கிறார். 'ஆன் சேலம்' என்றால் காட்சியே இல்லை, சேலத்தைப் பற்றி அவருடைய அபிப்பிராயம்.

இந்த வியாதிக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரே மருந்து, ரென் அண்ட் மார்ட்டின். ரென் லேசுப்பட்ட ஆளில்லை. இந்தியாவில் கல்வித்துறை உத்தியோகம் பார்த்தவர். 'போ ஜெஸ்ட்' (1924) என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே. 1930களில் வந்த அவர்களின் இலக்கணம் திருத்தம் பெற்று இன்னும் விற்கிறது. வாக்கியத்தைக் கழற்றி மாட்டிக் காட்டுவதில் கெட்டிக்காரப் புத்தகம். ஆனால் ப்ரிபொசிஷன் விஷயத்தில் பெயர்ச்சொற்களை ரேஷன் கடை க்யூ மாதிரி நிறுத்திவிடுகிறது. 'ஃபார்' வரிசை, 'வித்' வரிசை, 'ஆஃப்' வரிசை. 'எக்ஸ்பீரியன்ஸ்' நிற்பது 'ஆஃப்' வரிசையில். வேலை விளம்பரமெல்லாம் 'இன்' கேட்கிறதே, எது தப்பு? இரண்டும் சரிதான். பட்டு அறிந்தது ஒன்று, தொழிலில் தேர்ந்தது இன்னொன்று. க்யூவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

'இன்ட்ரஸ்ட்' இன்னும் வேடிக்கை. எஸ்டேட்காரருக்குக் காப்பி மேல் இருப்பது 'இன்'. காப்பிக்காக வாங்கிய கடன் மேல் ஏறுவது 'ஆன்'. நமக்கு ஆர்வம் வேறு, வட்டி வேறு, குழப்பமே வராது. தவிர, தமிழில் இந்த வேலையை உருபு பார்த்துக்கொள்கிறது. சேலத்தை, சேலத்திலிருந்து என்று வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அதிலும் ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வந்து உட்காரும் என்று தெரிந்துதான் தொல்காப்பியர் 'வேற்றுமை மயங்கியல்' என்று தனி இயலே வைத்தார். மயக்கம் உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளும் இலக்கணம் எனக்குப் பிடிக்கிறது.

ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894லிருந்தும் மாண்ட்ஃபோர்ட் 1917லிருந்தும் இருக்கின்றன. அந்த மாதிரிப் பள்ளிகளில் 'ஆஃப்'பும் 'இன்'னும் காதில் விழுந்தே ஒட்டிக்கொள்ளும். அதே மலையில், தமிழ் மீடியத்தில் படிக்கும் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு வாய்ப்பது மனப்பாடப் பட்டியல் மட்டும். நாளை இன்டர்வியூவில் ஒரு 'ஆஃப்' இடம் மாறினால் எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிப்பார். விஷயம் தெரிந்த பெண் வாயை மூடிக்கொள்வாள்.

ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஏ.எஸ். ஹார்ன்பிக்கு இந்தச் சங்கடம் புரிந்திருந்தது. 1942ல் அங்கே வெளிவந்து, 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் மறுபடி வந்த அவருடைய அகராதி, வார்த்தையின் பக்கத்திலேயே அது புழங்கும் விதத்தைக் காட்டியது. அர்த்தம் மாறினால் துணைச்சொல்லும் மாறுவது கண்ணில் படும். என் ஓட்டு இதற்குத்தான். புத்தகம் கனம், விலையும் ஜாஸ்தி. பள்ளி லைப்ரரியில் ஒரு பிரதி வாங்கி, பீரோவுக்கு வெளியே வைத்தால் போதும்.